மாட்டுகிட்ட கேள்வி கேக்குறது எப்படி? கறவை மாட்டு நலன் ஆராய்ச்சிங்கிற வேலை பத்தி ஒரு விளக்கம்

2026 ஜனவரியில ஆஸ்திரியாவுல இருந்து ஒரு செய்தி வந்து எல்லா பக்கமும் சுத்துச்சு. வெரோனிகான்னு ஒரு ஸ்விஸ் பிரவுன் மாடு, நீளமா கைப்பிடி வச்ச பிரஷ்ஷ நாக்கால சுழட்டி எடுத்து வாயில கவ்விக்கிது, முதுகு அரிச்சா நார் இருக்கிற பக்கத்தால தேய்க்குது, மடிப்பக்கம் மாதிரி தோல் மெல்லிசா இருக்கிற எடத்துக்கு கட்டை முனையால மெதுவா சொறிஞ்சுக்குது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளருங்க இத முறைப்படி சோதிச்சுப் பாத்து கரண்ட் பயாலஜி இதழ்ல போட்டாங்க. படிச்ச நம்ம ஆளுங்ககிட்ட ரெண்டு கேள்வி வந்துச்சு. மாட்டுக்கு இவ்ளோ அறிவா இருக்குங்கிறது ஒண்ணு, மாடு சொறிஞ்சுக்கிறத பாக்குறதெல்லாம் ஒரு வேலையா, அதுக்கு ஒரு பல்கலைக்கழகம் சம்பளம் குடுக்குமாங்கிறது ரெண்டாவது.

ரெண்டாவது கேள்விக்குத்தான் இங்க பதில். ஆமா, அது ஒரு வேலை, மாட்டோட நடத்தைய பாக்குறதுக்குன்னே முழுநேரப் பேராசிரியருங்க இருக்காங்க. அதுல பெரும்பங்கு கறவை மாட்டு மேலதான் நடக்குது, கனடா, டென்மார்க், அமெரிக்கா, நியூசிலாந்து, பிரிட்டன்னு பால் தொழில் பெருசா இருக்கிற நாடுகள்ல. அவங்க என்ன செய்யறாங்க, எதுக்காக செய்யறாங்க, அதனால கொட்டகையில என்ன மாறுதுன்னு அடியில இருந்து பாப்போம்.

முதல்ல நலன்னா என்ன?

பால் நல்லா கறக்குது, நோய் இல்ல, அப்ப மாடு நல்லாத்தானே இருக்கும்னு தோணும். பாதி சரி. கனடாவுல டேவிட் ஃப்ரேசரும் கூட வேலை பாத்தவங்களும் 1997ல எழுதின ஒரு கட்டுரையில, மக்கள் நலன்னு சொல்லும்போது மூணு தனித்தனி கவலைய கலந்து பேசறாங்கன்னு பிரிச்சுக் காட்டினாங்க, இன்னிக்கும் இந்தத் துறைக்குள்ள வர்ற மாணவருக்கு முதல் பாடம் இதுதான்.

1. உடம்பு ஒழுங்கா இயங்குதா: நோய், காயம், வளர்ச்சி, சினை பிடிக்கிறது, பால்.
2. உள்ளுக்குள்ள எப்படி உணருது: வலி, பயம், பசி, சலிப்பு, இதமா இருக்கிறது.
3. அதோட சுபாவத்துக்கு ஏத்த மாதிரி வாழ முடியுதா: மேயறது, கூட்டத்தோட இருக்கிறது, கன்ன நக்கறது.

இந்த மூணும் எப்பவும் ஒண்ணா போகாது, அதுலதான் சண்டையே. மேய்ச்சலுக்கு விட்ட மாடு மூணாவதுல நல்ல மார்க் வாங்கும், ஆனா வெயில்லயும் உண்ணியிலயும் முதலாவதுல அடி வாங்கலாம். தனித் தனிக் கூண்டுல வளக்கிற கன்னுக்குட்டிக்கு கழிச்சல் தொத்துறது குறையும்னு பண்ணைக்காரர் சொல்லுவார், அது தனியா தவிக்குதேன்னு வெளிய இருந்து பாக்குறவர் சொல்லுவார், ரெண்டு பேருமே நலனப் பத்தித்தான் பேசறாங்க. ஆராய்ச்சியாளர் இங்க பஞ்சாயத்து பண்ண வர்றதில்ல, ஒவ்வொண்ணையும் அளந்து காட்ட முடியுமான்னு பாக்குறவர்.

இன்னொரு குழப்பமும் தீரணும். கால்நடை மருத்துவர் நோய் வந்த மாட்டப் பாப்பார். விலங்கு உரிமை இயக்கத்தவங்க மாட்ட இப்படிப் பயன்படுத்தலாமாங்கிற அறக்கேள்விய கேப்பாங்க. நலன் ஆராய்ச்சியாளர் இந்த ரெண்டு பேரோடவும் பேசுவார், ஆனா அவரோட கருவி வேற, சோதனையும் எண்ணும். சிலர் மருத்துவம் படிச்சிட்டு வருவாங்க, சிலர் விலங்கியல், சிலர் உளவியல்ல இருந்துகூட வருவாங்க.

இந்தத் துறை எங்க இருந்து வந்துச்சு

1964ல பிரிட்டன்ல ரூத் ஹாரிசன்னு ஒரு பெண்மணி தொழிற்சாலை மாதிரி நடக்கிற பண்ணைகளப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. நாட்டுல பெரிய கொந்தளிப்பு. அரசாங்கம் பிராம்பெல்ங்கிறவர் தலைமையில ஒரு குழு போட்டுச்சு, 1965ல அறிக்கை வந்துச்சு. ஒரு விலங்குக்கு எழுந்திரிக்க, படுக்க, திரும்ப, உடம்ப நக்கிக்க, கைகால நீட்டவாவது எடம் வேணும்னு அது சொன்னதுதான் பின்னாடி ஐந்து சுதந்திரங்கள்ங்கிற விலங்கு நலக் கோட்பாடா வளந்துச்சு. அதே அறிக்கை இன்னொண்ணும் சொல்லுச்சு: விலங்கோட உணர்வ எடைபோட அதோட நடத்தைய அறிவியலா படிக்கணும், அதுக்கு ஆள் போதாது. துறை பிறந்தது அந்தக் குறையில இருந்துதான். அதுக்கு மறு வருசமே, 1966ல, எடின்பரோவுல கால்நடை நடத்தை ஆய்வுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 1986ல கேம்பிரிட்ஜ்ல டொனால்ட் புரூம் விலங்கு நலனுக்குன்னே உலகத்துல முதல் பேராசிரியரா ஆனார். 1997ல கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல விலங்கு நலத் திட்டம் தொடங்குச்சு, ஃப்ரேசரும் டான் வியரியும் அதுல இருந்தாங்க, 2002ல மரினா வான் கைசர்லிங்க் வந்து சேந்தாங்க. மாட்டுப் பண்ணையில வளந்தவங்க அவங்க. கறவை மாட்டு நடத்தைன்னு தேடினா இன்னிக்கு கண்ணுல படற ஆய்வுகள்ல பெரிய பங்கு இவங்க கூட்டத்துல இருந்து வந்ததுதான், அதனால கீழ வர்ற உதாரணங்கள்ல நிறைய அங்கிருந்தே எடுத்திருக்கேன்.

பேச்சில்லாத உயிர்கிட்ட பதில் வாங்குறது

இந்த வேலையோட நெஞ்சு இதுதான். மாடு பேசாது, ஆனா நடக்கும், தள்ளும், திரும்பிப் போகும், படுக்கும், படுக்காம நிக்கும். மாடு தன் உடம்பால பதில் சொல்ற மாதிரி கேள்விய மாத்தி அமைக்கத் தெரியணும், அது கைவந்தா இந்தத் துறையில பாதி தூரம் வந்தாச்சு. நாலு வழி இருக்கு.

1. விட்டுப் பாக்குறது. ரெண்டு மூணு வகை படுக்கை போட்டு மாடு எதுல படுக்குதுன்னு பாக்குறது. 2007ல வந்த ஒரு ஆய்வுல மரத்தூள் படுக்கை காஞ்சு இருந்தப்ப மாடு ஒரு நாளைக்கு 13.8 மணி நேரம் படுத்துச்சு, அதே தூள் ஈரமா இருந்தப்ப 8.8 மணி நேரம்தான். அஞ்சு மணி நேரம் வித்தியாசம்! மாட்டுக்கு படுக்கிறது ரொம்ப முக்கியம், அசை போடறதுலயும் நிறைய படுத்துக்கிட்டே நடக்கிறது, படுக்காம நின்னா குளம்புக்கு மேல பாரம். ஒரே கொட்டகை, ஒரே தீனி, ஒரே மாடு, மாறினது ஈரம் மட்டும்தான்.

2. விலை கேக்குறது. பிடிக்குதுன்னு தெரிஞ்சா போதாது, எவ்ளோ பிடிக்குதுன்னு தெரியணும். அதுக்கு ஒரு கதவு. மாடு தலையால முட்டித் தள்ளினா தொறக்கும், நாளுக்கு நாள் கதவுல எடை ஏத்திக்கிட்டே போவாங்க, ஒரு கட்டத்துல மாடு போதும்னு விட்டுரும், அந்த எடைதான் அது குடுக்கத் தயாரா இருந்த விலை. 2017ல இந்தக் கதவ வச்சு மேய்ச்சல் நிலத்தையும் புதுசா போட்ட தீனியையும் ஒப்பிட்டாங்க. கறந்து முடிச்சு பசியோட வர்ற மாடு தீனிக்கு எவ்ளோ தள்ளுமோ அதே அளவு வெளிய புல்வெளிக்குப் போகவும் தள்ளுச்சு, அதுலயும் ராத்திரியில ஆர்வம் ஜாஸ்தி. 2018ல அதே மாதிரி கதவுக்கு அந்தப் பக்கம் சுழலுற பிரஷ் வச்சாங்க. அதுக்கும் தீனி அளவுக்கே தள்ளுச்சு, வெறும் எடம் மட்டும் இருந்தப்ப அவ்ளோ தள்ளல. வெரோனிகா ஏன் பிரஷ்ஷ தூக்கினாங்கிறதுக்கு இந்தக் கதவு எட்டு வருசம் முன்னாடியே பாதி பதில் சொல்லியிருக்கு.

3. நேரத்த எண்றது. எத்தன நிமிசம் தின்னுச்சு, எத்தன தடவ தீனித் தொட்டிக்கு வந்துச்சு, யார் யாரத் தள்ளிவிட்டாங்க. இதுல இருந்து நோய முன்கூட்டியே பிடிக்கலாம்னு தெரிஞ்சது பெரிய திருப்பம். அதுக்குக் கீழ தனியா வர்றேன்.

4. மனநிலைய கேக்குறது. இதுதான் எல்லாத்துலயும் கஷ்டம், எனக்குத் தெரிஞ்சு எல்லாத்துலயும் அழகும் இதுதான்.

நாலாவத மட்டும் பக்கத்துல போய் பாப்போம். ஒரு கன்னுக்குட்டி, அதுக்கு முன்னாடி ஒரு திரை. திரையில ஒரு நிறம் வந்தா கிட்டப் போய் மூக்கால தொடணும், பால் கிடைக்கும். இன்னொரு நிறம் வந்தா தொடக்கூடாது, தொட்டா கொஞ்ச நேரம் எதுவும் கிடைக்காம காத்துக் கெடக்கணும். சிவப்பு, வெள்ளை, ரெண்டே நிறம். கன்னுக்குட்டி இத கத்துக்கும், நாள் ஆகும், ஆனா கத்துக்கும். நல்லா பழகினதுக்கு அப்புறம் திடீர்னு ரெண்டுக்கும் நடுவுல ஒரு இளஞ்சிவப்ப காட்டுவாங்க. இது அதுக்கு சொல்லிக் குடுக்காத நிறம். பால் வரும்னு நம்பி போகுமா, எதுக்கு வம்புன்னு நின்னுருமா? மனுசனுக்கும் மனசு நொந்திருக்கும்போது தெளிவில்லாத விசயமெல்லாம் கெட்டதாத்தான் தெரியும் இல்லயா, அதே தர்க்கம். 2013ல இப்படிப் பழக்கின கன்னுகளுக்கு கொம்பு வளராம இருக்க கொம்புக்குருத்த சூடான இரும்பால சுட்டாங்க, பண்ணைகள்ல வழக்கமா செய்யறதுதான், மரத்துப்போற ஊசி போட்டுத்தான் செஞ்சாங்க. மறுநாள் அதே இளஞ்சிவப்ப காட்டினா கிட்டப் போறது கொறஞ்சுபோச்சு. ஊசியோட வேலை முடிஞ்சதுக்கு அப்புறமும் வலி இருக்கு, வலி உடம்போட நிக்காம உலகத்த பாக்குற பார்வையவே மாத்துதுன்னு இது காட்டுச்சு. 2014ல அதே கருவிய எடுத்து கன்ன தாய்கிட்ட இருந்து பிரிச்சப்பவும் சோதிச்சாங்க. அதே மாதிரி சரிவு. தாயப் பிரியற துக்கத்துக்கு ஒரு எண் கிடைச்சது அப்பதான்.

ஒரு ஆராய்ச்சியாளரோட நாள் எப்படி போகும்

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அகாசிஸ்ங்கிற ஊர்ல ஒரு பால் பண்ணை இருக்கு, வான்கூவர்ல இருந்து கிழக்க ஃப்ரேசர் பள்ளத்தாக்குல. உண்மையாவே பால் கறந்து விக்கிற பண்ணை, ஆராய்ச்சியும் அதுக்குள்ளயே. மாணவருங்க அங்கயே தங்கி வேலை பாப்பாங்க.

வேலையில பெரும்பங்கு வீடியோ பாக்குறது. கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாடு முப்பது நாப்பது ஒரே கொட்டகையில நின்னா மேல இருந்து எடுக்கிற வீடியோவுல எது எதுன்னு தெரியாது, அதனால தலைமுடிக்கு அடிக்கிற சாயத்தால முதுகுல எழுத்தோ குறியோ போடுவாங்க. அப்புறம் அத உக்காந்து பாத்து, இந்த மாடு இந்த நேரத்துல தொட்டிக்கு வந்துச்சு, இத அந்த மாடு முட்டி வெலக்குச்சுன்னு ஒண்ணொண்ணா குறிக்கிறது. வாரக்கணக்குல போகும். இப்ப கால்ல கட்டி அசைவ பதிவு பண்ற டேட்டா லாகர், காதுல மாட்டுற சென்சார், மாடு வந்தா அடையாளம் பாத்து தொறக்கிற தீனித் தொட்டின்னு நிறைய வந்துருச்சு, ஆனா சென்சார் சொல்றது சரியான்னு பாக்க ஆரம்பத்துல மனுசக் கண்ணுதான் வேணும்.

வெளிய தெரியாத ரெண்டு ஒழுக்கம் இதுல இருக்கு, அத சொல்லாம விட்டா இந்த வேலை வெறும் வேடிக்கை பாக்குற மாதிரி தெரியும்.

1. பாக்குறவருக்கு எந்த மாட்டுக்கு என்ன செஞ்சாங்கன்னு தெரியக்கூடாது. வலி குறைக்கிற ஊசி போட்ட கன்னு எதுன்னு தெரிஞ்சா கண்ணு தானா அதுக்கு சாதகமா பாக்கும். அதே வீடியோவ ரெண்டு பேர் தனித்தனியா மார்க் போட்டு ஒத்துப்போகுதான்னும் பாப்பாங்க, ஒத்துப்போகலன்னா அளவுகோல்லயே கோளாறு, திரும்ப முதல்ல இருந்து.

2. எதை ஒண்ணுன்னு எண்றது. ஒரு கொட்டில்ல 12 மாடு இருந்து அதுக்கு ஒரே படுக்கை போட்டா அது 12 சோதனை ஆகாது, ஒரு மாடு படுத்தா பக்கத்து மாடும் படுக்கும், அதனால ஒரு கொட்டில் ஒரு எண். இத கவனிக்காம எழுதின கட்டுரைய நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பிரும். அதனாலதான் புள்ளியியல் தெரியாம இந்தத் துறையில ஒரு அடி நகர முடியாது.

படிப்புல இருந்து பேராசிரியர் வரைக்கும்

பாதை ஓரளவுக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். முதல் டிகிரி விலங்கு அறிவியலோ மருத்துவமோ, அப்புறம் ரெண்டு வருசம் எம்.எஸ்சி, நாலு வருசத்துக்குப் பக்கமா பி.எச்டி, வேற நாட்டுல வேற கூட்டத்தோட போஸ்ட்டாக்ங்கிற, பி.எச்டிக்கு அப்புறமான தற்காலிக ஆய்வு வேலை, அப்புறம் எங்கயாவது உதவிப் பேராசிரியர் வேலை கிடைச்சா சொந்தமா ஒரு ஆய்வுக்கூட்டம் கட்டுறது. காஸாண்ட்ரா டக்கர் பி.எச்டிய பிரிட்டிஷ் கொலம்பியாவுல முடிச்சாங்க, நியூசிலாந்துல அக்ரிசர்ச்ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை பாத்தாங்க, 2007ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துக்கு வந்தாங்க. டிரெவர் டிவ்ரீஸ் அதே இடத்துல படிச்சுட்டு குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல கறவை மாட்டு நடத்தை, நலனுக்குன்னே ஒரு ஆராய்ச்சிப் பதவியில இருக்கார். ஒரு ஆசிரியர்கிட்ட படிச்சவங்க நாலு நாட்டுல நாலு கூட்டம் கட்டுறாங்க, ஒரு கூட்டம் சொன்னத இன்னொரு கூட்டம் வேற மாடு வேற கொட்டகையில திரும்பச் செஞ்சு பாக்குது, அப்படித்தான் ஒரு முடிவு உறுதி ஆகுது.

எல்லாரும் பல்கலைக்கழகத்துலயே நிக்கிறதில்ல. பால் நிறுவனங்கள், அரசாங்கத் துறைகள், பண்ணைய சோதிச்சு சான்று குடுக்கிற அமைப்புகள், சென்சார் கம்பெனிகள்னு போறவங்களும் இருக்காங்க.

கொட்டகையில என்ன மாறுது

அளந்து என்ன புண்ணியம்னு கேட்டா, மாறின விசயங்கள எடுத்துக் காட்டலாம்.

நோய முன்னாடியே பிடிக்கிறது. கன்னு போட்ட மாட்டுக்கு கருப்பை அழற்சி வர்றது பண்ணையில சகஜம். காய்ச்சல் அடிச்சு நாத்தத்தோட திரவம் வடிஞ்சாத்தான் தெரியும். 2007ல ஜூலியானா ஹசியும் அவங்க குழுவும் கன்னு போடறதுக்கு முன்னாடியே தீனி அளவ எடுத்துட்டு வந்தாங்க. பின்னாடி கடுமையா நோய் வந்த மாடுங்க, கன்னு போடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தீனிய கொறச்சிருந்துச்சு. கன்னு போடறதுக்கு முந்தின வாரத்துல ஒரு கிலோ காய்ந்த தீனி கொறஞ்சா கடும் நோய் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட மூணு மடங்கு. அந்த மாடுங்க தொட்டியில மத்த மாட்டோட மோதறதையும் விட்டுட்டு ஒதுங்கி நின்னுச்சு. நல்ல கறவைக்காரர் மாடு முகத்த வச்சே சொல்லிருவார்னு நம்ம பக்கம் சொல்றது இதத்தான், ஆனா முன்னூறு மாடு இருக்கிற கொட்டகையில யாரு ஒவ்வொரு முகமா பாக்குறது?

நொண்டல். பெரிய கொட்டகைகள்ல மாட்டு நலனுக்கு தலையாய பிரச்சனை இதுதான், என் கணக்குல மடிநோயவிட பெருசு, ஏன்னா மடிநோய் பால்ல தெரியும், நொண்டல் பாக்குற கண்ணுக்குத்தான் தெரியும். நடைக்கு 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடுவாங்க. முதுகு நேரா இருக்கா வளையுதா, தலை ஆடுதா, நாலு காலும் ஒரே பாரம் தாங்குதா. 2006ல வந்த மின்னசோட்டா ஆய்வுல 24.6 சதவீத மாடு நொண்டுச்சு, பண்ணை மேலாளருங்க நெனச்சது அதுல மூணுல ஒரு பங்குதான். அவங்க அக்கறை இல்லாதவங்க இல்ல, தினமும் பாத்துப் பாத்து அந்த நடையே சாதாரணமா தெரிய ஆரம்பிச்சிருது. 2012ல கைசர்லிங்க் குழு மூணு பகுதிய ஒப்பிட்டாங்க, பிரிட்டிஷ் கொலம்பியாவுல சுமார் 28 சதவீதம், கலிஃபோர்னியாவுல 31, அமெரிக்க வடகிழக்குல 55. ஒவ்வொரு பண்ணைக்காரருக்கும் அவரோட எண்ண தனியா, மத்தவங்க எங்க இருக்காங்கன்னும் சேத்துக் காட்டினாங்க. குத்தம் சொல்லாம எண்ண மட்டும் வச்சதுக்கு அப்புறம் சிலர் படுக்கை மாத்துனாங்க, சிலர் படுக்கிற எடத்துக்கு மேல குறுக்க இருக்கிற கம்பிய நகத்துனாங்க.

கன்னுக்கு பால். கன்னோட எடையில 10 சதவீதம், நாளைக்கு ரெண்டு வேளைன்னு ரொம்ப வருசமா அளந்து குடுத்துட்டு இருந்தாங்க. 2002ல வேணுங்கிற அளவு குடிக்க விட்டுப் பாத்தாங்க, பால் மறக்க வைக்கிறதுக்கு முன்னாடியே 63 சதவீதம் கூடுதலா எடை ஏறுச்சு. அப்ப அதுவரைக்கும் பசியோடதான் வளந்துச்சுன்னு அர்த்தம். ஜோடியா வளந்த கன்னு புது விதிய சீக்கிரம் கத்துக்குது, தனியா வளந்தது பழசையே பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு 2014ல வந்துச்சு.

வால் வெட்டறது. இத கொஞ்சம் நின்னு பாக்கணும், ஒரு ஆய்வு சட்டமா மாற எவ்ளோ காலம் ஆகுதுன்னு இதுல தெரியும். நியூசிலாந்துல கறக்கிறவங்களுக்கு எலிக்காய்ச்சல் வராம இருக்கும்னு மாட்டு வால்ல இறுக்கமா ரப்பர் வளையம் போட்டு, ரத்தம் ஓடாம வால் அழுகி விழற மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. அப்புறம் மடி சுத்தமா இருக்கும், மடிநோய் வராதுன்னு காரணம் மாறி அமெரிக்கா, கனடாவுக்கும் பரவுச்சு. 2001ல டக்கர், ஃப்ரேசர், வியரி மூணு பேரும் ஒரு பண்ணையில வால் உள்ள மாட்டையும் வால் இல்லாத மாட்டையும் ஒப்பிட்டாங்க. சுத்தத்துலயும் வித்தியாசம் இல்ல, மடி ஆரோக்கியத்துலயும் வித்தியாசம் இல்ல. வால் போனா ஈய விரட்ட வழி இல்லங்கிறது மட்டும் மிச்சம். மத்தவங்களும் சோதிச்சு அதையே சொன்னாங்க. 2009ல கனடா நடைமுறை விதிகள் மருத்துவக் காரணம் இல்லாம வெட்டக்கூடாதுன்னு சொல்லுச்சு, அதே வருசம் கலிஃபோர்னியா சட்டம் போட்டுச்சு, அமெரிக்க பால் உற்பத்தியாளர் கூட்டமைப்பு 2017ல நிறுத்தச் சொல்லுச்சு, தொடங்கின நியூசிலாந்து 2018ல தடை பண்ணுச்சு. ஒரு பயனும் இல்லாத ஒரு வலிய நிறுத்தவே பதினஞ்சு வருசத்துக்கு மேல. பயனும் இருக்கு வலியும் இருக்குங்கிற விசயத்துக்கு எவ்ளோ ஆகும்னு யோசிச்சுக்கோங்க. கன்ன தாய்கிட்ட இருந்து பிரிக்கிறது அப்படி ஒண்ணு, அங்க விவாதம் இன்னும் முடியல.

காசு யாரோடது

இது நியாயமான சந்தேகம், மறைக்கக் கூடாது. கனடாவுல இந்தப் பேராசிரியர் பதவிகளுக்கு அரசாங்க அறிவியல் நிதியோட பால் தொழிலும் பணம் போட்டுச்சு. தொழில்கிட்ட பணம் வாங்கிட்டு தொழிலுக்கு எதிரா எழுத முடியுமா? வால் விசயமும் தாய்ப்பிரிவு விசயமும் பாத்தா எழுதியிருக்காங்க. ஆனா ஆபத்து வேற எடத்துல இருக்கு, எந்தக் கேள்விய கேக்குறோங்கிறதுல. படுக்கைய எப்படி நல்லா பண்றதுன்னு கேக்க பணம் கிடைக்கும், ஆண் கன்னுக்கு என்ன ஆகுதுன்னு கேக்க அவ்ளோ சுலபமா கிடைக்காது. இந்த வேலைக்கு வர்றவங்க தங்களோட ஆய்வுப் பட்டியல அப்பப்ப எடுத்து, எத கேக்காம விட்டிருக்கோம்னு பாத்துக்கறது நல்லது.

இன்னொரு பக்கம் மாட்டு மேலேயே சோதனை பண்றோமேங்கிற கேள்வி. கொம்பு சுட்டு வலிய அளக்கிறது அந்தக் கன்னுக்கும் வலிதான். அதனால ஒவ்வொரு ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேணும், முடிஞ்சவரைக்கும் பண்ணையில எப்படியும் நடக்கப்போறத மட்டும் வச்சு, கொறஞ்ச எண்ணிக்கையில செய்யணும். இந்த மாதிரி வேலையெல்லாம் ஒரு கன்னு சுடுபடறத வச்சு லட்சம் கன்னுக்கு வலி மருந்து கிடைக்க வழி பண்ணுச்சு, கனடா விதியில வலி மருந்து 2009லயே கட்டாயம் ஆச்சு. அதனால ஏத்துக்கலாம்னு நான் நெனக்கிறேன், ஆனா மனசு உறுத்தாம யாரும் இத செய்யக்கூடாது.

நம்ம ஊர்ல இருந்து போறவங்களுக்கு

பி.வி.எஸ்சி முடிச்சுட்டு, கால்நடை உற்பத்தி மேலாண்மை துறையில எம்.வி.எஸ்சி பண்ணிட்டு வெளிநாட்டுல இந்தப் படிப்புக்கு எழுதிப் போடற பசங்க இருக்காங்க. மாட்டக் கையாளத் தெரிஞ்சது அவங்களுக்கு பெரிய பலம். கொறையறது பொதுவா புள்ளியியலும், ஆர் (R) மாதிரி புள்ளியியல் மென்பொருள்ல கணக்கு போடற பழக்கமும்தான். அத இங்க இருக்கும்போதே கத்துக்கலாம்.

கேள்வியும் இங்க இருந்தே கொண்டுபோகலாம். மேல சொன்ன ஆய்வுல பெரும்பங்கு ஹோல்ஸ்டீன் மாட்டு மேல, மாடு கட்டில்லாம சுத்துற பெரிய கொட்டகையில நடந்தது. உலகத்துலயே அதிகமா பால் உற்பத்தி பண்ற நாடு இந்தியா, 2019 கணக்குப்படி இங்க மாடு மட்டும் 19 கோடிக்கு மேல, அதுல பெரும்பங்கு வீட்டுக்கு ஒண்ணு ரெண்டா கயித்துல கட்டி வளக்கிறது. அந்த மாட்டப் பத்தி நடத்தை ஆய்வு ரொம்பக் கொஞ்சம். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல கிளைவ் ஃபிலிப்ஸோட கூட்டம் 54 கோசாலைகளுக்குப் போய் தரை, எடம், காயம், நொண்டல்னு அளந்தது ஒரு நல்ல தொடக்கம், ஆனா கோசாலை வேற, கறக்கிற வீட்டுத் தொழுவம் வேற.

கேக்க வேண்டியது நிறைய கெடக்கு. உதாரணத்துக்கு மூணு:

1. கயித்து நீளம் ஒரு முழம் கூடினா மாடு படுக்கிற நேரம் எவ்ளோ கூடும், உடம்ப நக்கிக்கிறது கூடுமா?
2. மழைக்காலத்துல சிமெண்டுத் தரை ஈரமா இருக்கும்போது மாடு ராத்திரி எத்தன மணி நேரம் நின்னுக்கிட்டே கழிக்குது?
3. முதல்ல கன்ன ஊட்டவிட்டு மடி சொரந்ததும் இழுத்துக் கட்டிட்டு கறக்கிற நம்ம முறையில, கன்னுக்கும் தாய்க்கும் ஒரு நாளைக்கு எத்தன நிமிசம் ஒண்ணா கிடைக்குது, அந்த நிமிசங்கள் தனிக்கூண்டுல வளர்ற கன்னோட ஒப்பிட்டா என்ன வித்தியாசம் பண்ணுது?

மூணாவது கேள்விக்கு கனடாக்காரங்ககிட்டயே பதில் இல்ல, ஏன்னா பெரும்பாலான அவங்க பண்ணைகள்ல கன்ன பிறந்த கொஞ்ச நேரத்துலயே பிரிச்சிடறாங்க. மத்த ரெண்டுக்கும் ஆரம்பிக்க ராத்திரியில தெரியற ஒரு கேமராவும், பின்னங்கால்ல கட்டி நிக்குதா படுத்திருக்கான்னு நிமிசத்துக்கு ஒரு தடவ பதிவு பண்ற ஒரு லாகரும், சம்மதிக்கிற இருபது வீடும் இருந்தா போதும்.